ஜப்பான் ஏலப் பட்டியலில் அமெரிக்க வாகனங்கள் ஏன் இல்லை?

கேள்வி கேட்டவர்: டிக்கோயாத் தம்பி

அனைவருக்கும் வணக்கம். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்த பிறகு, ஹட்டனில் கார் சேல் நடத்தும் என் மாமாவுக்கு மாலை வேளைகளில் ஒத்தாசை செய்து வருகிறேன். ஜப்பானில் இருக்கும் முகவர் வாரந்தோறும் அனுப்பும் ஏலப் பட்டியலைத் திறந்து, வருடம், ஓடிய கிலோமீற்றர், தரப்புள்ளி, சேசி இலக்கம் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வைப்பதும், மாமா குறித்துத் தருகிற வாகனங்களின் ஏலச் சீட்டைப் படித்துக் கீறல், நெளிவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும்தான் என் வேலை.

பட்டியலில் பெரும்பாலும் சுசுகி, டொயோட்டா, ஹொண்டா, டைஹட்சு வாகனங்களே வருகின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. இடைக்கிடையே பென்ஸ், பி.எம்.டபிள்யூ., அவுடி, வொக்ஸ்வாகன், மினி என்று ஐரோப்பிய வாகனங்களும் தலைகாட்டுகின்றன. ஒருமுறை பெஜோ ஒன்றுகூட வந்தது. ஆனால் ஃபோர்ட், செவ்ரோலே, கடிலாக் என்று ஒன்றையாவது இதுவரை நான் எழுதியதில்லை. இத்தனை மாதங்களில் கண்ணில் பட்ட அமெரிக்கப் பெயர் ஜீப் மட்டுமே.

அமெரிக்க வீதிகளில் எங்கு பார்த்தாலும் ஜப்பான் கார் ஓடுகிறது. அப்படியிருக்க, உலகத்துக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அமெரிக்கர்களின் வாகனம் ஜப்பானில் ஏன் விலைப்படவில்லை? ஜப்பான் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு தன் பொருளை மட்டும் வெளியே அனுப்புகிறது என்று அமெரிக்க ஜனாதிபதி சொல்வதைச் செய்தியில் கேட்கிறோம். மாமாவோ, “அமெரிக்கன் கார் தண்ணீர் குடிக்கிற மாதிரி எண்ணெய் குடிக்கும், அதனால் ஒருவரும் வாங்குவதில்லை, அவ்வளவுதான்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். என் தாத்தா, தோட்டத்துத் துரையின் அமெரிக்க வில்லீஸ் ஜீப்பைக் கழுவித் துடைத்தவர். அந்த இரும்புக்கு ஈடான இரும்பை அதன் பிறகு தான் பார்த்ததில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இவர்களில் யார் சொல்வது சரி? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.


பதில்: கண்டி ஓய்வுநிலை ஆசிரியர்

தம்பி, நான் முப்பது வருடம் வர்த்தகமும் பொருளியலும் படிப்பித்தவன் என்பதால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்க விரும்புகிறேன். அமெரிக்க வாகனம் ஜப்பானுக்குள் நுழையவே இல்லை என்று நினைத்தால் அது தவறு; ஒரு காலத்தில் ஜப்பானின் வாகனச் சந்தையே அமெரிக்கர்களின் கையில்தான் இருந்தது.

1923ஆம் ஆண்டு தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தில் டிராம் வண்டிப் பாதைகள் சிதைந்துபோனபோது, தோக்கியோ நகர நிர்வாகம் ஃபோர்ட் கம்பனியிடமிருந்து லொறிகளின் அடிச்சட்டகங்களை வரவழைத்து, அவற்றின்மேல் கூண்டு கட்டி பஸ்ஸாக ஓடவிட்டது. அந்தத் தேவையைக் கண்ட ஃபோர்ட் 1925இல் யோக்கோஹாமாவிலும், அதைத் தொடர்ந்து ஜெனரல் மோட்டர்ஸ் 1927இல் ஒசாக்காவிலும், பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பொருத்தும் தொழிற்சாலைகளை நிறுவின. அடுத்த பத்து வருடங்களில் ஜப்பானில் விற்ற வாகனங்களில் பெரும்பகுதி இவ்விரண்டு கம்பனிகளுடையது. இராணுவத்துக்கு உள்நாட்டு லொறி வேண்டும் என்ற நோக்கத்துடன் 1936இல் இயற்றப்பட்ட வாகன உற்பத்திச் சட்டம், உரிமம் பெற்ற ஜப்பானியக் கம்பனிகளுக்கே சலுகை அளித்து அந்நியரின் கையைக் கட்டியது. 1939இல் இரண்டு தொழிற்சாலைகளும் உற்பத்தியை நிறுத்தின. டொயோட்டாவும் நிசானும் வளர்ந்தது அந்தச் சட்டத்தின் நிழலில்தான்.

போருக்குப் பிறகும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு என்ற பெயரில் இறக்குமதியை ஜப்பான் இறுக்கிப் பிடித்தது; 1965இல்தான் கார் இறக்குமதியைத் தளர்த்தியது. எனவே, கதவு சாத்தியிருந்தது என்ற பேச்சு ஒரு காலத்துக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் 1978ஆம் ஆண்டிலிருந்து ஜப்பான் இறக்குமதிக் கார்களுக்கு விதிக்கும் சுங்கவரி பூச்சியம். அமெரிக்கா அதே கார்களுக்கு 2025 வரை 2.5 வீதமும், பிக்கப், லொறி வகைகளுக்கு 1964 முதல் 25 வீதமும் அறவிட்டு வந்திருக்கிறது. அந்த 25 வீதம், ஐரோப்பியர் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டதற்குப் பழிவாங்கப் போட்ட வரி. கோழிச் சண்டை முடிந்து அறுபது வருடமாகியும் வரி மட்டும் எடுபடவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 1970களில் அந்நிய முதலீட்டுக்கு ஜப்பான் இடம் கொடுத்தபோது, மூன்று பெரிய அமெரிக்கக் கம்பனிகளும் தங்கள் காரைக் கொண்டுவந்து விற்பதைவிட ஜப்பானியக் கம்பனிகளில் பங்கு வாங்குவதையே இலகுவான வழியாகக் கண்டன. ஜெனரல் மோட்டர்ஸ் இசுசுவிலும், கிரைஸ்லர் மிட்சுபிஷியிலும் 1971இல் பங்கு வாங்கின. ஃபோர்ட் 1979இல் மஸ்டாவில் கால்வாசியை வாங்கியது. நம் தேயிலைக் கொழுந்து லொறிகளில் பல இசுசு எல்ஃப் அல்லவா? அந்தக் கம்பனியில் முப்பது வருடத்துக்கு மேல் அமெரிக்கப் பணம் கிடந்தது. ஆகவே அமெரிக்கர்கள் ஜப்பானில் இல்லாமல் இருக்கவில்லை. காருக்குள் இல்லாமல் பங்குப் பத்திரத்துக்குள் இருந்தார்கள்.


பதில்: பண்டாரவளை கராஜ் பாஸ்

சேர் சொன்ன மஸ்டா கதையை நான் ஸ்பெனரோடு பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வெலிமடைப் பக்கத்திலிருந்து ஒருவர் ஃபோர்ட் லேசர் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். நான்கு இடங்களில் கேட்டும் ஃபோர்ட் சாமான் கிடைக்கவில்லை, இனி இரும்பு விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று முகம் வாடி நின்றார். பொனட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே அத்தனையும் மஸ்டா ஃபமிலியா. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குத் தொலைபேசியில் அழைத்து ஃபமிலியா என்று சொல்லித் தண்ணீர்ப் பம்பை வரவழைத்தேன். மறுநாள் பின்னேரம் கார் வெலிமடைக்கு ஓடிப் போனது. முன்னால் ஒட்டியிருக்கும் நீல முத்திரையைத் தவிர அதில் அமெரிக்கா எங்கேயும் இல்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சுசுகி வேகன் ஆரின் அகலமான அண்ணன் வேகன் ஆர் சொலியோ. அதே வண்டிக்கு ஜெனரல் மோட்டர்ஸின் செவ்ரோலே முத்திரையை ஒட்டி, செவ்ரோலே எம்.டபிள்யூ. என்ற பெயரில் ஜப்பானில் விற்றார்கள். சுசுகியிலும் ஜெனரல் மோட்டர்ஸுக்குப் பங்கு இருந்த காலம் அது. தம்பி பட்டியலில் செவ்ரோலே என்று ஒன்றை என்றாவது கண்டால் உடனே துள்ள வேண்டாம். முதலில் சேசி இலக்கத்தைப் பாருங்கள், உண்மையில் செய்தவன் யார் என்பது அதில் தெரியும்.

உண்மையான அமெரிக்கக் காரை ஜப்பானில் விற்கப் பார்த்த முயற்சியும் நடந்தது. ஒஹையோவில் செய்த செவ்ரோலே கவலியர் காருக்கு ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி, 1996இல் டொயோட்டாவின் முத்திரையோடு டொயோட்டாவின் விற்பனை நிலையங்களிலேயே வைத்தார்கள். வருடத்துக்கு 20,000 விற்க வேண்டும் என்பது திட்டம். பின் சிக்னல் விளக்கைச் செம்மஞ்சளாக்கி, பக்கக் கண்ணாடியை மடிக்கக் கூடியதாக்கி, ஸ்டியரிங்குக்குத் தோல் சுற்றி, முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தும் அது போகவில்லை. 2000ஆம் ஆண்டோடு கைவிட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்: அதன் எஞ்சின் 2.4 லீற்றர், அகலம் 1.7 மீற்றருக்குச் சில சென்ரிமீற்றர் அதிகம். ஜப்பானில் 2,000 சி.சி.யும் 1.7 மீற்றர் அகலமும்தான் சிறிய வகைக்கும் பெரிய வகைக்கும் நடுவே உள்ள கோடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் வாங்குகிறவன் அது பெரிய கார் என்று நினைத்து, பெரிய காருக்குரிய பூச்சையும் இருக்கையையும் கதவு சாத்தும் சத்தத்தையும் எதிர்பார்ப்பான். கவலியரோ உள்ளூரில் மலிவு விலைக்குச் செய்த கார். கொரோலாவின் வேலைப்பாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.


பதில்: பதுளையான், நகோயாவிலிருந்து

நான் பதுளையைச் சேர்ந்தவன். ஏழு வருடமாக நகோயாவுக்கு அருகே, பழைய வாகனங்களைக் கழற்றிப் பாகங்களாகப் பிரித்து ஏற்றுமதி செய்யும் முற்றம் ஒன்றில் வேலை செய்கிறேன். மேலே சொன்ன வரலாறும் வரியும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் இங்கே ஒருவன் கார் வாங்கும்போது எதைப் பார்க்கிறான் என்பதைக் கிட்ட இருந்து பார்க்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே கார் வாங்க வேண்டுமானால் முதலில் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று பொலிஸிடம் சான்றிதழ் எடுக்க வேண்டும். 1962ஆம் ஆண்டுச் சட்டம் அது. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் இடம் இருக்க வேண்டும். அதன் வரைபடத்தைக் கீறி, நீள அகலத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். கார் அந்த இடத்துக்குள் அடங்காவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. எங்கள் முற்றத்து முதலாளி தன் மகனுக்கு வான் வாங்கும் முன் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, வீட்டு மதிலுக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே மூன்று தடவை அளந்ததை நான் பார்த்தேன். அவர் வாகனத்தின் விலையைக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

சின்னஞ்சிறு காருக்கு இங்கே கெய் கார் என்று பெயர். நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சி.சி. என்ற எல்லைக்குள் அடங்கினால் வருடாந்த வரி 10,800 யென். எஞ்சின் 6 லீற்றரைத் தாண்டிய புதிய காருக்கு அதுவே 110,000 யென். கிராமப்புறங்கள் பலவற்றில் கெய் காருக்கு நிறுத்துமிடச் சான்றிதழும் தேவையில்லை. வருடந்தோறும் விற்கும் புதிய வாகனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த வகைதான். இந்த அளவுக்குள் அடங்கும் கார் ஒன்றையாவது அமெரிக்கர் எவரும் செய்ததில்லை. சந்தையின் மூன்றிலொரு பங்கைத் தொடாமலே விட்டுவிட்டு மற்றப் பங்குக்காகச் சண்டை பிடிக்கிறார்கள்.

நகரத்து மாடிக் கட்டடங்களில் கார்களை லிஃப்டில் ஏற்றி அடுக்கும் இயந்திர நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. பழைய கட்டடங்கள் பலவற்றில் உயரம் 1.55 மீற்றரைத் தாண்டக் கூடாது, அகலத்துக்கும் 1.8 மீற்றர், 1.85 மீற்றர் என்று எல்லை உண்டு. வாசலில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். பி.எம்.டபிள்யூ. கம்பனி என்ன செய்தது தெரியுமா? தன் 3 தொடர் காரின் அகலம் 1.8 மீற்றரைச் சற்றே தாண்டியபோது, ஜப்பானுக்கு அனுப்பும் கார்களுக்கு மட்டும் கதவுக் கைப்பிடியை மெலிதாக்கி, சரியாக 1.8 மீற்றருக்குள் அடக்கியது. எங்கள் முற்றத்துக்கு வரும் 3 தொடர்க் கதவுகளில் அந்தக் கைப்பிடியை நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக் கைப்பிடியைவிட அது உடலோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு சென்ரிமீற்றருக்காகக் கைப்பிடியின் அச்சையே மாற்றியவனும், ஸ்டியரிங்கைக்கூட மாற்றாமல் அனுப்பியவனும் ஒரே மாதிரி விற்பார்களா?

ஸ்டியரிங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1990களில் இங்கே செவ்ரோலே அஸ்ட்ரோ என்ற வானுக்குப் பெரிய மோகம் இருந்தது. இன்றும் எங்கள் முற்றத்துக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று கழற்றுவதற்கு வரும். இடப்பக்க ஸ்டியரிங், கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் அகலம். சென்ற வருடம் வந்த ஒன்றில் சாரதி இருக்கைக்குப் பக்கத்தில், நுனியில் இடுக்கி வைத்த நீளமான பிளாஸ்டிக் கோல் ஒன்று கிடந்தது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன். உடன் வேலை செய்யும் பெரியவர் சிரித்துவிட்டு விளக்கினார்: நெடுஞ்சாலை வாசலிலும் வாகன நிறுத்துமிடத்திலும் சீட்டுத் தரும் இயந்திரம் வலப்பக்கம் இருக்கிறது, இடப்பக்கம் இருக்கிறவன் தனியாகப் போனால் அந்தக் கோலை வலப்பக்க ஜன்னல் வழியாக நீட்டித்தான் சீட்டை எடுக்க வேண்டும். இப்போது நெடுஞ்சாலையில் தானியங்கிக் கட்டணக் கருவி வந்துவிட்டது. நிறுத்துமிடங்களில் இன்னும் அதே நிலைதான்.

கடைசியாக, தம்பி கவனிக்க வேண்டிய ஒரு விடயம். இலங்கைக்கு இடப்பக்க ஸ்டியரிங் வாகனம் செல்லாது என்பதால், முகவர்கள் பட்டியலை எடுக்கும்போதே வலப்பக்கத்தை மட்டும் தெரிவு செய்துதான் அனுப்புவார்கள். நீங்கள் ஹட்டனில் இருந்து பார்ப்பது ஏற்கனவே சலித்த மாவு. இங்குள்ள ஏலக்கூடத்தில் அமெரிக்க வாகனம் அறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். குறைவு, ஆனால் உண்டு.


பதில்: அப்புத்தளை வாசகி

எல்லோரும் அமெரிக்கர்களின் தலையிலேயே பழியைச் சுமத்துவதால், மறுபக்கத்தையும் ஒருவர் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பேராதனையில் பொருளியல் படித்தபோது இந்த வழக்கைப் பாடமாகப் படித்தோம். சுங்கவரி பூச்சியம் என்பது உண்மை. ஆனால் சுங்கவரி ஒன்றே தடை அல்ல.

முதலாவதாக, பதுளை அண்ணா சொன்ன கெய் கார்ச் சலுகையே ஒரு வகையில் மதில்தான். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் அளவை அரசாங்கம் வகுத்து, அதற்குள் அடங்குவதற்கு வரியைக் குறைத்தால், அந்த அளவுக்காகவே தொழிற்சாலை வைத்திருக்கும் உள்நாட்டுக்காரனுக்கு மட்டும்தான் ஆதாயம். இரண்டாவதாக, 1989 வரை ஜப்பானில் 2,000 சி.சி.யைத் தாண்டிய அல்லது 1.7 மீற்றர் அகலத்தைத் தாண்டிய கார்களுக்கு வருடாந்த வரி ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அமெரிக்கக் கார் அநேகமாக எல்லாமே அந்தப் பக்கம்தான் விழும். அந்த வரி எடுபட்டபோது வாங்குகிறவரின் மனப்பழக்கம் உறுதியாகிவிட்டிருந்தது. மூன்றாவதாக, விற்பனை நிலையங்கள் பெரும்பாலும் ஒரு கம்பனியோடு கட்டுண்டவை. புதிதாக வருபவர் ஒவ்வொரு நகரத்திலும் விலை உயர்ந்த நிலத்தை வாங்கிக் கடை கட்ட வேண்டும்.

தரச் சான்றிதழ் விடயமும் சாதாரணமானதல்ல. அமெரிக்காவில் கார் விதிகளுக்கு அமைந்திருக்கிறது என்று உற்பத்தியாளரே உறுதி கூறினால் போதும். ஜப்பான், ஐரோப்பாவைப் போல ஐக்கிய நாடுகளின் பொது விதிகளைப் பின்பற்றி, அரசு முன்கூட்டியே பரிசோதித்து அனுமதிக்கும் முறையில் இருக்கிறது. ஜேர்மன் கார் தன் நாட்டிலேயே அந்தப் பரிசோதனையில் தேறிவிடுகிறது. அமெரிக்கக் காருக்கோ பின் விளக்கின் நிறம் வரை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. ஆயிரம் இரண்டாயிரம் கார் விற்பதற்காக அந்தச் செலவை யார் செய்வார்? குறைவாக விற்பதால் மாற்றம் செய்வதில்லை, மாற்றம் செய்யாததால் குறைவாக விற்கிறது என்று அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2025 ஜூலையில் இரு நாடுகளும் செய்த உடன்பாட்டில், அமெரிக்காவில் சான்று பெற்ற காரை மேலதிகப் பரிசோதனையின்றி ஏற்க ஜப்பான் இணங்கியதே, அங்கே ஒரு தடை இருந்தது என்பதற்கு ஒப்புதல்தான்.


பதில்: கண்டி ஓய்வுநிலை ஆசிரியர்

மகள் சொன்னதில் 1989க்கு முந்திய வரியைப் பற்றியதை நான் விட்டுவிட்டது என் பிழை. அது பெரிய தடைதான். சான்றிதழ் விடயத்தில் மட்டும் ஒரு சிறு திருத்தம் சொல்ல வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் வரும் இறக்குமதிக் கார்களுக்கு ஜப்பான் நீண்ட காலமாகவே இலகுவான தனி நடைமுறை ஒன்றை வைத்திருக்கிறது. ஒரு வகைக்கு வருடம் 2,000 என்றிருந்த அதன் எல்லையை 2013இல் 5,000 ஆக உயர்த்தினார்கள். ஃபோர்ட் 2016இல் ஜப்பானை விட்டு வெளியேறியபோது, அதற்கு முந்திய வருடத்தில் அதன் எல்லா வகைகளையும் சேர்த்தே ஏறத்தாழ 5,000தான் விற்றிருந்தது. எல்லையைத் தொடாதவரை எல்லை தடுத்தது என்று சொல்வது எப்படி?

பேச்சுவார்த்தைக்கும் அமெரிக்கர்கள் குறைவைக்கவில்லை. 1992 ஜனவரியில் ஜனாதிபதி மூத்த புஷ் மூன்று கார்க் கம்பனித் தலைவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு தோக்கியோவுக்கே போனார். அந்தப் பயணத்தில் உலகம் நினைவில் வைத்திருப்பது விருந்து மேசையில் அவர் மயங்கி விழுந்ததை மட்டும்தான். 1995இல் ஜப்பானின் 13 ஆடம்பரக் கார் வகைகளுக்கு 100 வீத வரி போடுவோம் என்று மிரட்டி, ஜூன் மாத இறுதியில் ஜெனீவாவில் உடன்பாடு கண்டார்கள். அமெரிக்கப் பிரதிநிதி மிக்கி கன்ரருக்கு ஜப்பான் அமைச்சர் ஹஷிமோட்டோ மூங்கில் பயிற்சி வாள் ஒன்றைப் பரிசளித்து, அதன் நுனியைத் தன் கழுத்துக்கே நீட்டச் செய்து படம் பிடித்துக்கொண்டார். பாஸ் சொன்ன கவலியர் கார் ஜப்பானுக்குப் போனது இந்தச் சூட்டில்தான். கடைக்குள் கொண்டுபோய் வைக்க அரசியலால் முடிந்தது. வாங்க வைக்க முடியவில்லை.

ஆனால், அமெரிக்கக் காரின் மீது ஜப்பானியருக்கு வெறுப்பு என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 1915இல் தொடங்கிய யனாசே என்ற இறக்குமதி நிறுவனம் பியூக்கும் கடிலாக்கும் விற்றுத்தான் பெயர் எடுத்தது. அதே நிறுவனம் பின்னாளில் பென்ஸின் முக்கிய விற்பனையாளராக மாறியது. கடை மாறவில்லை, வாடிக்கையாளர் மாறவில்லை, சரக்குத்தான் மாறியது.


பதில்: அப்புத்தளை வாசகி

சேர், அந்தக் கடை உதாரணத்துக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இருந்தாலும் கெய் கார் மதில் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.


பதில்: பண்டாரவளை கராஜ் பாஸ்

ஜீப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? தம்பியின் பட்டியலில் வந்த ஒரே அமெரிக்கப் பெயர் அதுதான். 1990களிலேயே செரோக்கி ஜீப்பை வலப்பக்க ஸ்டியரிங்கோடு செய்தார்கள்; அதை ஜப்பானில் ஹொண்டாவின் கடைகளில் விற்றார்கள். இன்றைய ரங்லர் ஜீப்பும் வலப்பக்க ஸ்டியரிங்கோடு போகிறது. 2021இல் மட்டும் ஜப்பானில் 14,000க்கு மேல் ஜீப் விற்றிருக்கிறது. ரங்லரின் அகலம் ஏறத்தாழ 1.9 மீற்றர். ஆகவே, அகலமாக இருப்பதால் மட்டுமே ஒரு வண்டி விலைப்படாது என்று சொல்லிவிட முடியாது. ஜப்பான்காரன் செய்யாத ஒன்றை, அவன் ஓட்டக்கூடிய பக்கத்தில் ஸ்டியரிங்கை வைத்துக் கொடுத்தால் இடம் இல்லாதவனும் இடம் தேடிக்கொள்கிறான்.

ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பது நம் மலையில் எவ்வளவு பெரிய விடயம் என்பதைப் பதினெட்டு வயதில் அறிந்துகொண்டேன். வெளிநாட்டுத் திட்டம் ஒன்றுக்காக வந்திருந்த இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை, திருத்திய பிறகு பரீட்சித்துப் பார்க்க பெரிய பாஸ் என்னிடம் தந்தார். எல்ல பக்கம் இறங்கும் வளைவில் முன்னால் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய லொறி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த முடியுமா என்று பார்க்க வேண்டுமானால் என் தலை இருந்த பக்கத்திலிருந்து லொறியின் பின் பலகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை; வண்டியை முழுதாக நடு வீதிக்கு வெளியே நீட்டினால்தான் எதிரே பஸ் வருகிறதா என்று தெரியும். இரண்டு முறை நீட்டி, இரண்டு முறையும் ஹோன் சத்தத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு, பிறகு லொறியின் புகையைக் குடித்தபடியே எல்ல வரை போனேன். ஆனால் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும்: தோட்டத்துப் பாதையில் ஏறிவந்த டிராக்டருக்கு வழிவிட ஒதுங்கியபோது, இடப்பக்கக் கானின் விளிம்பு என் முழங்கைக்கு நேர் கீழே தெரிந்தது. டயருக்கும் கானுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்ததை எட்டிப் பார்த்தே நிறுத்தினேன்.


பதில்: பதுளையான், நகோயாவிலிருந்து

பாஸ் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இன்றைய செவ்ரோலே கொர்வெட், அதாவது எட்டாவது தலைமுறை, தொழிற்சாலையிலிருந்தே வலப்பக்க ஸ்டியரிங்கோடு வரும் முதலாவது கொர்வெட். 1953 முதல் செய்துவரும் கார் அது. ஃபோர்ட் முஸ்டாங்குக்கு வந்த வேளை இன்னும் மோசம்: வலப்பக்க முஸ்டாங்கை 2015இல் உலகச் சந்தைக்கு விட்டார்கள், மறு வருடமே ஃபோர்ட் ஜப்பானில் கடையைப் பூட்டிவிட்டது. டெஸ்லாவையும் அமெரிக்கக் கார் என்று கணக்கில் எடுக்கலாம். வலப்பக்க ஸ்டியரிங்கோடு ஓரளவு விற்கிறது. ஆனால் இங்கே ஓடும் டெஸ்லாக்களில் பெரும்பாலானவை சாங்ஹாயில் செய்தவை. அதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று ஆசிரியர் ஐயாதான் சொல்ல வேண்டும்.


கேள்வி கேட்டவர்: டிக்கோயாத் தம்பி

எல்லோருக்கும் மிக்க நன்றி. பதுளை அண்ணா சொன்னதைப் படித்த அன்றே மாமாவிடம் கேட்டேன். முகவர் வலப்பக்கத்தை மட்டும் தெரிவு செய்துதான் அனுப்புகிறார் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது, நான் கேட்காததால் சொல்லவில்லையாம். முகவரிடம் பேசி, ஒரு வாரத்துக்குரிய பட்டியலைச் சலிக்காமல் வாங்கிப் பார்த்தேன். கடிலாக் எஸ்கலேட் இரண்டு, அண்ணா சொன்ன அஸ்ட்ரோ மூன்று, பழைய முஸ்டாங் ஒன்று, செவ்ரோலே எம்.டபிள்யூ. ஒன்று. எம்.டபிள்யூ.வின் சேசி இலக்கத்தை பாஸ் சொன்னபடியே பார்த்தேன்; சுசுகியேதான்.

ஏலச் சீட்டில் இறக்குமதி வாகனங்களுக்கென்று சிறு கட்டங்கள் இரண்டு இருப்பதை இதுவரை நான் கவனித்ததே இல்லை. ஒன்றில் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் வழியாக வந்ததா, தனியாரால் நேரடியாகக் கொண்டுவரப்பட்டதா என்று குறித்திருக்கிறது. மற்றதில் ஸ்டியரிங் இடமா வலமா என்று இருக்கிறது. அந்த ஏழில் எம்.டபிள்யூ.வைத் தவிர்த்து மற்ற ஆறுக்கும் இடம் என்ற எழுத்தைச் சுற்றித்தான் வட்டம் போட்டிருந்தார்கள். மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, அஸ்ட்ரோவின் எஞ்சின் 4.3 லீற்றர் என்பதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, வேகன் ஆர் பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.